கட்டிலை விட்டு இறங்குங்க பாட்டி!

"எந்தக் கம்பெனி மூட்டு டாக்டர்? ஃபாரினா, நம்ம ஊர்தா?"

இடுப்பு முறிந்த முதியவரைச் சேர்த்த அன்று, ஆர்த்தோ வார்டு வாசலில் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அடுத்தது, எத்தனை லட்சம் ஆகும். மூன்றாவது, காப்பீட்டில் வருமா. செராமிக் பந்தா, உலோகப் பந்தா, சிமென்ட் வைப்பதா வேண்டாமா என்று யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டியதுதான். ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் அம்மாவை எழுப்பி நிறுத்தப்போவது யார், ராத்திரி பெட்பேன் வைப்பது யார், வீட்டுக்குப் போனபிறகு குளிக்க வைப்பது யார் என்று கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை என்னவோ ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பாட்டி மறுபடி தன் காலால் கொல்லைப்புறம் போவாரா, கட்டிலே கதியென்று கிடப்பாரா என்பது அதற்கடுத்த மூன்று மாதத்தில்தான் முடிவாகிறது. அந்த மூன்று மாதத்தில் சர்ஜனை நீங்கள் பார்க்கப்போவது மிஞ்சினால் நாலைந்து முறை. மற்ற நேரமெல்லாம் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், வார்டு ஆயா, அப்புறம் வீட்டில் இருக்கும் ஒரு பெண், அதாவது மகளோ மருமகளோ. இவர்கள் கையில்தான் எல்லாம். இவர்கள் செய்வதையெல்லாம் உடனுக்குடன் கெடுக்கும் ஆள் ஒருவர் உண்டு. அது நம் பாசம். "பாவம், வயசானவங்க, வலிக்குதுங்கிறாங்க, படுத்திருக்கட்டுமே" என்கிற பாசம்.

படுத்திருப்பது சும்மா இருப்பது என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது. எலும்பு முறியாத, கத்தி படாத, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே இந்தக் கதி. நம் பாட்டியின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

காம்பு முறிந்தால்

இடுப்பு உடைந்தது என்று நாம் சொன்னாலும், உடைவது தொடை எலும்பின் மேல்முனை. இடுப்புக் குழிக்குள் சுழலும் உருண்டையான தலைப்பகுதி, அதற்குக் கீழே சரிந்து இறங்கும் கழுத்துப் பகுதி. பழத்துக்குக் காம்பு வழியாகச் சத்து போவதுபோல, தலைப்பகுதிக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. காம்பு முறிந்தால் தலைக்கு ரத்தம் நின்றுவிடும். எலும்பு கூடாது; கூடினாலும் தலை செத்துப்போகும். அதனால்தான் வயதானவர்களுக்குத் தொடைக் கழுத்து விலகி முறிந்தால், ஒட்டவைக்க முயலாமல் தலையையே எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்துகிறார்கள். குழியையும் சேர்த்து மாற்றினால் முழு மூட்டு மாற்று. தலையை மட்டும் மாற்றினால் பாதி மாற்று. கழுத்துக்குக் கீழே முறிந்தால் பெரும்பாலும் கம்பியோ தகடோ போதும்.

புத்தூர் கட்டு பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. கை, கால் முறிவுக்கு அதை நம்பும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த விவாதம் வேறு. தொடைக் கழுத்து முறிவுக்கு எந்தக் கட்டும் உதவாது. தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் அந்த இடத்தை வெளியே இருந்து கட்டி அசையாமல் நிறுத்த வழியே இல்லை. கட்டுப்போட்டு மூன்று வாரம் படுக்க வைத்துவிட்டு, முதுகில் புண்ணோடும் நெஞ்சில் சளியோடும் ஆஸ்பத்திரிக்கு வரும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மூன்று வாரத்தைத் திருப்பித் தர எந்த சர்ஜனாலும் ஆகாது.

தாமதம் என்பது கட்டுப்போடுவதால் மட்டும் வருவதில்லை. எக்கோ எடுக்கணும், இதய டாக்டர் ஒப்புதல் வேண்டும், ரத்தம் ஏற்பாடு செய்யணும், காப்பீட்டு அனுமதி வரணும். இவற்றில் சில நியாயமானவை. "துபாயிலேர்ந்து பையன் வந்துடட்டும்", "அஷ்டமி நவமி கழியட்டும்" என்பவை அப்படியல்ல. பிரிட்டனில் இடுப்பு முறிவுக்கென்றே 2007 முதல் தேசியப் பதிவேடு இருக்கிறது. 36 மணி நேரத்துக்குள் அறுவை நடந்ததா, முதியோர் மருத்துவர் வந்து பார்த்தாரா, மறுநாளே கட்டிலை விட்டு இறக்கினார்களா என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் குறித்துவைக்கிறார்கள்; செய்தால் கூடுதல் தொகையும் தருகிறார்கள். இடுப்பு முறிந்து 30 நாளுக்குள் இறப்பவர்கள் அங்கே 2007இல் நூற்றுக்கு 10.9 பேர், 2011இல் அது 8.5 ஆகக் குறைந்தது. இதில் புது மருந்து எதுவும் இல்லை. செய்ய வேண்டியதை நேரத்துக்குச் செய்தார்கள், அவ்வளவுதான்.

தேய்மானத்தால் வலி தாளாமல், தேதி குறித்து மூட்டு மாற்றிக்கொள்ள வருபவர்களின் கதை இவ்வளவு அவசரமானதல்ல. அவர்கள் நடந்தே வருகிறார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, வீட்டில் கைப்பிடி மாட்டிவிட்டு வர அவகாசம் இருக்கிறது. விழுந்து வருபவருக்கு அது இல்லை. பல நாட்டு ஆய்வுகளில், இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவரோ நால்வரில் ஒருவரோ ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். அவர்களைக் கொண்டுபோவது முறிந்த எலும்பு இல்லை. நிமோனியா, ரத்தக்கட்டி, சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், மாரடைப்பு. முதல் நான்கும் படுக்கையில் வளர்பவை.

இன்று நாம் பொருத்தும் மூட்டுக்கு முன்னோடி, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962இல் வைத்த மூட்டு. அதற்குமுன் டெஃப்லான் குழி வைத்துப் பார்த்தார். சில ஆண்டுகளில் தேய்ந்துபோய், வைத்தவற்றையெல்லாம் எடுக்க நேர்ந்தது. பிறகு பாலிஎத்திலீன் குழி, சிறிய எஃகுத் தலை, எலும்போடு பிடித்துக்கொள்ள அக்ரிலிக் சிமென்ட் என்று அவர் பிடித்த சூத்திரம் அறுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. அவர் காலத்து நோயாளிகள் ஆபரேஷனுக்குப் பின் வாரக்கணக்கில் படுத்திருந்தார்கள். மூட்டின் வடிவம் பெரிதாக மாறவில்லை. அடியோடு மாறியது அந்தப் படுக்கைக் கணக்குதான்.

முதல் இரவு

தியேட்டரிலிருந்து வார்டுக்கு வந்தவுடன் இரண்டு கால்களுக்கும் நடுவில் முக்கோணத் தலையணை ஒன்றைச் செருகுவார்கள். கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, அறுவை செய்த கால் உள்பக்கம் திரும்பக் கூடாது, இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. பின்பக்கமாக அறுத்து மூட்டு வைத்தவர்களுக்கு இவை மூன்றும் கட்டளைகள். மீறினால் புது மூட்டு குழியை விட்டு நழுவும். முன்பக்கமாக அறுத்தவர்களுக்கு விதி வேறு. உங்கள் அம்மாவுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து பெட்காரர் சொன்னதை வைத்து நடக்காதீர்கள்.

நைட் டூட்டி நர்ஸ் அந்த இரவில் என்ன செய்கிறார் என்று உடனிருப்பவர் கவனித்தால் பாதி பாடம் வந்துவிடும். பாதத்தைத் தொட்டுச் சூடு பார்ப்பார். கட்டைவிரலை ஆட்டச் சொல்வார். கட்டுத்துணியில் ரத்தம் ஊறுகிறதா என்று பார்ப்பவர், கையை அடியில் விட்டும் தடவுவார். ரத்தம் கீழ்ப்பக்கமாக வழிந்து மெத்தையில் தேங்கியிருக்கலாம். சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்தது என்று எழுதுவார். குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு மடித்த துணியை வைப்பார். குதிகாலில் கறுத்துப்போகும் புண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்த மடித்த துணியின் அருமை தெரியும்.

படுக்கைப்புண்ணுக்கு நாமாகச் செய்யும் வைத்தியங்கள் பலவும் தப்பு. சிவந்த இடத்தை ஸ்பிரிட் விட்டுத் தேய்ப்பது, பவுடர் கொட்டுவது, காற்று ஊதிய வளையத்தின்மேல் உட்கார வைப்பது. தேய்த்தால் அடியில் நசுங்கியிருக்கும் தோல் இன்னும் கெடும். வளையம் தன்னைச் சுற்றியுள்ள இடத்துக்கு ரத்தம் வராமல் அழுத்தும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவதும், ஈரம் தங்காமல் பார்ப்பதும்தான் வைத்தியம். காற்று மெத்தை உதவும். மெத்தை வாங்கிப் போட்டாச்சு என்று திருப்பிப் போடுவதை விட்டுவிட்டால் உதவாது.

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். பாதி வீடுகளில் அதை ஊதிக்கொண்டிருக்கிறார்கள். அது உறிஞ்சுவதற்கு. மூச்சை மெல்ல உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும். அப்போதுதான் நுரையீரலின் அடிப்பகுதி விரிந்து சளி தங்காது.

"அம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சு சிஸ்டர்!"

இரண்டாம் நாள் இரவு பத்து, பதினோரு மணிக்கு நர்ஸ் மேஜைக்கு ஓடிவந்து மகள் சொல்லும் வாக்கியம் இது. மாலைவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அம்மா, செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுகிறார். சுவரில் எறும்பு ஊறுகிறது என்கிறார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். பெற்ற மகளையே "நீ யாருடி?" என்கிறார். மயக்க ஊசி மூளையைக் கெடுத்துவிட்டது என்று ஒரு கட்சி. காத்துக் கருப்பு என்று ஒரு கட்சி.

இதற்கு டெலிரியம் என்று பெயர். இடுப்பு முறிவில் வரும் முதியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது வரும். பைத்தியமோ மறதி நோயோ இல்லை. உடம்பில் எங்கோ ஏதோ சரியில்லை என்று மூளை அடிக்கும் மணி. எங்கே என்று தேடுவதுதான் வேலை. வலியா? சிறுநீர் அடைத்திருக்கிறதா? நான்கு நாளாக மலம் போகவில்லையா? ஆக்ஸிஜன் குறைகிறதா? காய்ச்சலா? வார்டு மொழியில் சொல்வார்களே, "உப்பு குறைஞ்சிருச்சு" என்று, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, அதுவா? தூக்க மாத்திரை கொடுத்தார்களா, அல்லது வருஷக்கணக்காகப் போட்டுவந்த தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினார்களா?

தாத்தாக்கள் விஷயத்தில் இன்னொன்று. தினமும் ராத்திரி ஒரு கட்டிங் போடும் பழக்கம் உள்ளவர் என்பதைக் குடும்பம் கௌரவம் கருதி மறைத்துவிடும். குடி நின்ற இரண்டாம், மூன்றாம் நாள் கை நடுங்கி, வேர்த்து, பிதற்றல் ஆரம்பிக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். சேர்க்கும்போதே நர்ஸிடம் காதோடு சொல்லிவிட்டால் போதும், முன்கூட்டியே மருந்து கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு ஐ.சி.யூ. வரை போன குடும்பங்கள் உண்டு.

டெலிரியத்துக்கு நல்ல நர்ஸ் முதலில் கேட்பது மருந்தை அல்ல. "பாட்டி கண்ணாடி எங்கே? காது மெஷின் எங்கே?" கண்ணாடியும் பல்செட்டும் தொலைந்துபோகும் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருப்பார்கள். கண் தெரியாமல், காது கேளாமல், ஜன்னல் இல்லாத அறையில், ராத்திரி பகல் தெரியாத டியூப்லைட் வெளிச்சத்தில் எந்த மனிதருக்கும் குழப்பம் வரும். கண்ணாடியை மாட்டி, பகலில் திரையை விலக்கி, இரவில் விளக்கைத் தணித்து, தெரிந்த குரல் ஒன்று பக்கத்திலிருந்து "அம்மா, நீ ஆஸ்பத்திரியில இருக்கே, கால் ஆபரேஷன் ஆயிருக்கு, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சலிக்காமல் சொல்ல வேண்டும். கையைக் கட்டிப்போட்டால் வெறி இன்னும் ஏறும். தேவையில்லாத சிறுநீர்க் குழாயை ஓரிரு நாளில் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் தொற்றும் குறையும், குழப்பமும் குறையும்.

தூக்கி நிறுத்தும் கலை

மறுநாள் காலை. பிசியோ வந்துவிட்டார். பாட்டி "ஐயோ, இன்னைக்கு வேணாம் கண்ணு, நாளைக்கு" என்கிறார். மகன் "நாளைக்கே பார்த்துக்கலாமே சார்" என்கிறார். அந்தப் பாசம் தலைகாட்டும் இடம் இதுதான். இங்கே நர்ஸ் முந்திக்கொண்டு ஒரு காரியம் செய்திருப்பார்: பிசியோ வருவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பே வலி மருந்து கொடுத்திருப்பார். வலி வந்தபிறகு மருந்து தருவது ஒரு முறை. வலி வருமுன் கடிகாரத்தைப் பார்த்துத் தருவது இன்னொன்று. மூட்டு மாற்றியவர்களுக்கு இரண்டாவது முறைதான் பலிக்கும். பாராசிட்டமால்தான் அடித்தளம். மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வயதானவர்களின் கிட்னியைப் பதம் பார்க்கும்.

இப்போது எழுப்புவது. முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி இரண்டு நிமிடம் சாய்ந்திருக்கவிட வேண்டும். தலை சுற்றுகிறதா என்று பார்க்க. அறுவை செய்த கால் இருக்கும் பக்கமாகவே இறங்குவது வழக்கம். முழங்கைகளை ஊன்றி, இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, காலை நீட்டினபடியே கட்டில் விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். முன்னால் குனிந்து எழக் கூடாது. நம் முதியவர்களுக்கு முட்டியில் கைவைத்துக் குனிந்து எழுந்துதான் பழக்கம், அதை மறக்கடிப்பதே பெரிய வேலை. விளிம்பில் உட்கார்ந்ததும் மறுபடி இரண்டு நிமிடம். முகம் வெளுக்கிறதா, வியர்க்கிறதா? பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்கு நின்றவுடன் ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டும்.

பிறகு அறுவை செய்த காலைச் சற்று முன்னால் நீட்டி, இரண்டு கைகளாலும் மெத்தையை அழுத்தி, நல்ல காலில் பாரம் போட்டு எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தால் வாக்கர் பாட்டியோடு சேர்ந்து சாயும். நின்றபிறகுதான் கை வாக்கருக்குப் போக வேண்டும். கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் இடத்துக்கு வாக்கரின் பிடி வர வேண்டும்; கடையில் வாங்கிய உயரத்திலேயே வைத்துக்கொண்டு கூன்போட்டு நடப்பவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த கால், அப்புறம் நல்ல கால். நாலு அடி நடந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைக்கு அது பெரிய வெற்றி. தூக்குகிறேன் பேர்வழி என்று அக்குளில் கைகொடுத்து இழுக்கும் உறவினரை மட்டும் கொஞ்சம் வெளியே டீ குடிக்க அனுப்பிவிடலாம்.

படுத்திருக்கும் நேரத்தில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். கெண்டைக்கால் தசை இயங்கினால்தான் ரத்தம் மேலே ஏறும். இல்லாவிட்டால் அங்கே கட்டி உறைந்து, அது நுரையீரலுக்குப் போனால் நிமிடங்களில் உயிர் போய்விடும். இதைத் தடுக்கத்தான் வயிற்றுத் தோலில் ஊசி போடுகிறார்கள். நான்கைந்து வாரம் தொடர வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் "நல்லாத்தானே இருக்காங்க" என்று நிறுத்திவிடுவது நம் வழக்கம். ஊசிக்குப் பதில் மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேட்கலாம். தானாக நிறுத்தக் கூடாது.

ரசம் சாதமும் மூன்று இட்லியும்

ஆபரேஷன் என்றாலே பத்தியம். முட்டை கூடாது, தயிர் கூடாது, பருப்பு வாயு, கறி சீழ் வைக்கும். கடைசியில் மிஞ்சுவது கஞ்சியும் ரசம் சாதமும். புண் ஆறவும் தசை திரும்பவும் தேவைப்படுவது புரதம். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். 50 கிலோ பாட்டிக்கு 60 கிராம். மூன்று இட்லியில் இருப்பது ஏறக்குறைய ஆறு கிராம். ஒரு முட்டையில் ஆறு, ஒரு டம்ளர் பாலில் ஆறு. கெட்டிப் பருப்பு, சுண்டல், மீன், தயிர் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு எட்டும். ஏற்கெனவே கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவில் நிற்க வேண்டும். சீழ் வைப்பதற்குக் கறிக்குழம்பைக் குற்றம் சொல்வதைவிட, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையைச் சொல்வது நியாயம்.

தரையில் வாழ்ந்த உடம்பு

நம் வீடுகள் குனிந்தும் குந்தியும் வாழக் கட்டியவை. தரையில் பாய், தரையில் சாப்பாடு, அரிவாள்மணை, குந்தும் கழிப்பறை, சம்மணமிட்டுப் பூஜை. மாற்றிய மூட்டுக்கு இவை ஒவ்வொன்றும் ஆகாதவை, முக்கியமாக முதல் மூன்று மாதம். நழுவல்களில் பெரும்பங்கு அந்தக் காலத்தில்தான் நடக்கிறது. டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டில் செய்ய வேண்டியவை சில: வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால் அதன்மேல் உயர்த்தும் சீட், இல்லாவிட்டால் கமோடு சேர். குளிக்க உயரமான ஸ்டூல். பாத்ரூம் சுவரில் போல்ட் போட்ட கைப்பிடி. துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது. நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்க வேண்டும். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி உயரம் ஏற்றுவது நம்மவர்களின் கைவேலை. அசையாமல் கட்டியிருந்தால் நன்றாகவே பயன்படுகிறது. அமுங்கும் சோஃபாவில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

மிதியடியைச் சுருட்டி வையுங்கள். கீழே புரளும் நைட்டியை நாலு விரற்கடை மடித்துத் தையுங்கள். ராத்திரி கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பார்க்க வந்து காலில் விழும் பேரப்பிள்ளைகளை எழுப்பப் பாட்டி குனிவார். கீழே விழுந்த கண்ணாடியை எடுக்கக் குனிவார். நழுவினால் தெரியும்: திடீரென்று தாங்க முடியாத வலி, கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பியிருக்கும். இழுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். புண்ணில் நீர் கசிந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் அடுத்த ரிவ்யூ தேதிவரை காத்திருக்கக் கூடாது.

இனி ஆள் விஷயம். ஏஜென்சி மூலம் "ஹோம் நர்ஸ்" என்று வருபவர்களில் பலர் நர்ஸிங் படித்தவர்கள் அல்ல. சில நாள் பயிற்சியோடு, சிலர் அதுவும் இல்லாமல், வேலைக்கு வந்த கிராமத்துப் பெண்கள். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. இருபத்து நாலு மணி நேர டூட்டி, தூங்க ஒரு மூலை, கமிஷன் போக மிச்சச் சம்பளம். என் உறவினர் வீட்டுக்கு அப்படி வந்த ஒரு பெண், மூட்டு மாற்றிய பெரியவரைத் தரையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டார். செய்யக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு ஏஜென்சியும் சொல்லவில்லை, வீட்டாரும் சொல்லவில்லை. அதனால் ஆளைத் தேடுவதைப் போலவே, அந்த ஆளை டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே வார்டுக்கு வரவழைப்பதும் முக்கியம். நர்ஸ் எழுப்புவதை ஒருமுறை பார்க்கட்டும், அவர் கண்முன்னே ஒருமுறை தானே செய்துகாட்டட்டும். மருமகள்தான் ஆள் என்றால் அவருக்கும் இதே. அவர் இடுப்பும் எலும்புதான்.

உலோகத்துக்குப் பணம் உண்டு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இந்த அறுவையைச் செய்துகொள்ள முடிகிறது. 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்ச ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் காப்பீடு மூட்டுக்கும் தியேட்டருக்கும் பணம் தருகிறது. வீட்டுக்கு வந்தபிறகு பாட்டியை எழுப்பும் கைக்குத் தருவதில்லை. அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது அடைப்பது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதில் அடக்கம். பிரஷர், சுகர் மாத்திரைக்கான திட்டம் என்று மட்டும் நினைத்திருப்பவர்கள், உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிசியோவுக்கும் பெயர் கொடுக்கலாம்.

முதியோர் மருத்துவத்தில் இந்தியாவுக்கே சென்னைதான் முன்னால் நடந்தது. வி.எஸ். நடராஜன் முயற்சியால் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவு வந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கான மேற்படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். தமிழ்நாட்டில் 2021 கணக்குப்படியே நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரி ஆர்த்தோ வார்டில், ராத்திரி ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்று போய் எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்று மேலே எழுதினேனே, அதை அவரால் எப்படிச் செய்ய முடியும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கூடுதல் நர்ஸ்களை நியமிப்பதுதான் பதில். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் கட்டடம் திறப்பதில்தான் உற்சாகமாக இருக்கிறார்கள்.

தையல் பிரிக்கப் போகும்போது

பன்னிரண்டு, பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். புண்ணைப் பார்த்து, எக்ஸ்ரே பார்த்து, "சூப்பரா இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு பலவீனம் என்று பொருள். ஒரு பக்கத்துக்குப் புது மூட்டு வைத்தாயிற்று, இன்னொரு பக்கம்? ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலட்ரானிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. இடுப்பு முறிந்து அறுவை செய்துகொண்டவர்கள் 2,127 பேரிடம் நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், இந்த மருந்து புது முறிவுகளை 35 சதவீதமும் இறப்பை 28 சதவீதமும் குறைத்தது. வைட்டமின் டி, கால்சியம் சரிசெய்து, கிட்னி, பல் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால், கேட்காததாலேயே கிடைக்காமல் போகிறவர்கள் நிறைய. கண்ணில் புரை இருக்கிறதா, தூக்க மாத்திரையைக் குறைக்க முடியுமா, பிரஷர் மாத்திரை அதிகமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். பாட்டியை முதலில் விழவைத்தது அவற்றில் ஒன்றாகக்கூட இருக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரம் வாக்கில் வாக்கர் போய்க் கைத்தடி வரும். அங்கே ஒரு தகராறு நடக்கும். எண்பதை நெருங்கும் அம்மா, "தடி ஊனினா கிழவி மாதிரி இருக்கு" என்பார். ஊன்ற ஒப்புக்கொண்டாலும் வலிக்கும் கால் பக்கத்துக் கையில் பிடிப்பார். சினிமாவிலும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். வலது இடுப்பு என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலும் தடியும் ஒன்றாக முன்னே போகும்போது, புது மூட்டின்மேல் விழும் பாரத்தில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்ளும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் அறுவை செய்த காலும் முதலில். தடியின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தனியாகவே கிடைக்கும். தேய்ந்த புஷ் ஈரமான மொசைக்கில் நிற்காது.